மறைப்புக்கு வெளியே சொன்ன பெயர்

முப்பத்தேழாம் வருஷத்துத் தேர்தலில் ஜலகண்டாபுரத்தில் என் வீட்டுக்காரர் பெயர் எழுதாத சுவர் கிடையாது. வெள்ளையடித்த சுவரில் காவியாலும் மண் சுவரில் சுண்ணாம்பாலும் எழுதியிருந்தார்கள். தமுக்கு அடிக்கிறவன் தெரு முக்குக்கு முக்கு நின்று அதைக் கூவினான். எதிர்த்து நின்றவரின் ஆட்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வைதார்கள். அந்தப் பக்கத்தில் வாயுள்ள அத்தனை பேரும் சொல்லலாம், நான் ஒருத்தி மட்டும் சொல்லக் கூடாது. நான் அவர் பெண்டாட்டி.

பெண்டாட்டி வாயால் புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆளைக் கூப்பிட 'ஏனுங்க' என்றால் போதும். மற்றவர்களிடம் சொல்ல 'எங்கூட்டுக்காரரு' இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருத்திக்குப் புருஷன் பெயரும் மலைமேல் இருக்கிற சாமியின் பெயரும் ஒன்று. அவள் கோயிலுக்குப் போனாலும் அந்தச் சாமியைப் பெயர் சொல்லிக் கும்பிட மாட்டாள். 'மலையில இருக்கறவரே' என்று கையெடுப்பாள். எனக்கும் அதெல்லாம் வேடிக்கையாகத் தோன்றியதில்லை. பள்ளிபாளையத்தில் ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான், பேப்பர் வாசிப்பேன், மேடைப் பேச்சைக் கேட்டு வந்து அதில் என்ன ஓட்டை என்று வீட்டில் சொல்வேன். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயர் என் நாக்கில் வந்ததில்லை.

அவர் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. தறி இரண்டு எங்களுடையது, மற்றபடி நூல் கொடுத்துத் துணி வாங்குகிற வியாபாரம். முதலில் தாலுகா போர்டுக்கு நின்றார், தோற்றார். தோற்ற மறுநாளே அடுத்ததற்கு நிற்கிறேன் என்று சொன்னார். எனக்கு அவரிடம் பிடித்தது அந்தக் குணம்தான். அப்புறம் சட்டசபைக்கு நிற்கச் சொன்னார்கள். எதிரில் நின்றவர் பெரிய பண்ணைக்காரர். பழைய சபையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர். அங்கே அவர் வாயைத் திறந்ததெல்லாம் கொட்டாவி விடத்தான் என்று எங்கள் மேடையில் பேசுவார்கள். கள்ளுக்கடைக் குத்தகைக்காரர்கள் மொத்தமும் அவர் பக்கம். எங்கள் பக்கம் ஜெயித்தால் கடையை மூடுவோம் என்று சொல்லியிருந்தோம்.

அந்தக் கடைகளை மூட வேண்டும் என்று யாருக்கு வேகம் இருந்தது என்றால், வீட்டுக்குள் இருந்த பெண்களுக்குத்தான். துணியை விற்ற கையோடு புருஷன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று வாசலில் நின்று பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் அப்போது எல்லோருக்கும் ஓட்டு இல்லை. வரி கட்டுகிறவர்களுக்கு உண்டு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு உண்டு, கொஞ்சம் சொத்துபத்து உள்ளவன் பெண்டாட்டிக்கும் உண்டு. கூலிக்கு நெய்கிறவன் பெண்டாட்டிக்குக் கிடையாது. அடி வாங்குகிறவளுக்கு ஓட்டில்லை, அவளை வேலைக்கு வைத்திருக்கிறவளுக்கு உண்டு என்பது என்ன சட்டம் என்று நான் கேட்டேன். இப்போதைக்கு இருக்கிற ஓட்டை வாங்குவோம் என்றார் வீட்டுக்காரர்.

இருக்கிற ஓட்டில் பெண்கள் ஓட்டை வாங்க வேண்டும் என்ற எண்ணம்கூட அவருடைய கூட்டத்தில் யாருக்கும் இல்லை. பொம்பளைகளை வண்டி கட்டிக் கூட்டிப் போய் வெயிலில் நிறுத்தினால் வீட்டில் சோறு யார் ஆக்குவது என்று ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் ஆம்பளைகளைக் கூட்டிப் போங்கள், பெண்களை நான் கூட்டிப் போகிறேன், சாவடியில் எந்தப் பக்கம் ஆள் அதிகம் என்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் பாடம் நடந்தது. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. கையில் கொடுக்கிற சீட்டை மறைப்புக்குள் கொண்டுபோய் வேண்டிய பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு மஞ்சள், பண்ணைக்காரருக்குப் பச்சை. மண்ணெண்ணெய் டின்களுக்கு வாயில் கத்தியால் கீறல் போட்டு, மஞ்சளும் பச்சையுமாகச் சாயம் போட்ட நூல்கழியை ஒவ்வொன்றின் கழுத்திலும் கட்டினேன். கொடியில் பழைய சேலையைத் தொங்கவிட்டு மறைப்பு. ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ச் சீட்டைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவார்கள்.

அந்த மறைப்பு அவர்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. உள்ளே யாரும் வர மாட்டார்களா என்று கேட்டார்கள். வர மாட்டார்கள் என்றேன். புருஷன்? அவனும் வரக் கூடாது. மாமியார்? அவளும்தான். வெளியே வந்த பிறகு கேட்டால்? கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை, அது சட்டம் என்றேன். ஒருத்தி, அப்படி ஒரு இடம் இந்த ஊரில் இருக்கிறதா என்று கேட்டாள்.

என் நாத்தனார் மட்டும் டின் பக்கம் வராமல் தள்ளியே உட்கார்ந்திருந்தார். அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்டவர். புருஷன் வழியில் வந்த மேட்டுக்காட்டு நிலம் அவர் பேரில் இருந்ததால் அவருக்கும் ஓட்டு இருந்தது. எல்லோரும் போன பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"மஞ்சப் பெட்டிய நான் தொடலாமா, சாமி?"

தாலியறுத்த நாளிலிருந்து மஞ்சளைத் தொடாத கை அது. முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடி பார்க்காமல் போகிறவர். எனக்கு ஆத்திரம் வந்தது. தொடலாம், சர்க்கார் பெட்டிக்குத் தாலி தெரியாது என்று சொன்னேன். அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக டின்னில் சீட்டைப் போட்டுப் பார்த்தார்.

இப்படி நிறம் சொல்லிக் கொடுத்தேன், மடிக்கச் சொல்லிக் கொடுத்தேன், வரிசையில் யாருக்குப் பின்னால் யார் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தேன். ஓட்டுச்சாவடி மேசையில் முதலில் என்ன கேட்பார்கள் என்பதை மட்டும் நானும் நினைக்கவில்லை, மற்ற யாரும் நினைக்கவில்லை. வாயில் வராத ஒன்றை யாருக்கு ஒத்திகை பார்க்கத் தோன்றும்?

ஓட்டு நாள் அன்று மாசி வெயில் காலையிலேயே சுட்டது. பள்ளிக்கூடத்தில் சாவடி. எல்லோரும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்களாக வந்திருந்தார்கள். மேசையில் இருந்த அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பட்டியலில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'இன்னார் மனைவி' என்று இருந்தது. முதலில் போனவளிடம் அவளுடைய பெயரைக் கேட்டார், சொன்னாள். புருஷன் பெயரைக் கேட்டார். அவள் "எங்கூட்டுக்காரருங்க" என்றாள். அதுதான் யார் என்றார். அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். பின்னால் நின்றவள் உதவிக்குச் சொல்லப் போனாள்.

பண்ணைக்காரரின் ஏஜெண்டு எழுந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், எங்கள் வழக்கமெல்லாம் தெரிந்தவர். வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஓட்டுப் போடுகிறவள் தன் வாயால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆள் மாறாட்டம் என்று ஆட்சேபம் சொன்னார். அதிகாரிக்குச் சட்டப்படி அது சரியாகப் பட்டது. மலைக்கோயில் சாமியின் பெயருள்ளவனின் பெண்டாட்டி, "மலை மேல இருக்கற சாமி பேருங்க" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். எந்த மலை என்று கேட்டார் அதிகாரி. ஏஜெண்டு சிரித்தார். ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்கள். என் நாத்தனாரிடம் கேட்டபோது அவர் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். புருஷன் செத்து எத்தனையோ வருஷமாகியும் அவரால் சொல்ல முடியவில்லை. மஞ்சளைத் தொட வந்தவர் மேசையைத் தாண்டவில்லை.

நான் வரிசையின் கடைசியில் நின்றிருந்தேன். அந்த ஏஜெண்டின் பெண்டாட்டியும் இவர் பெயரைச் சொல்ல மாட்டாள், அது இவருக்கும் தெரியும். எங்கள் பயபக்தியை எடுத்து எங்கள் காலிலேயே கயிறாகக் கட்டுகிறார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வரிசையை விட்டு முன்னால் போனேன். அதிகாரி கேட்குமுன்பே என் பெயரைச் சொன்னேன். அப்புறம் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. வெளியே வண்டிக்காரர்களுக்குக் கேட்கும்படி, தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

பயமே இல்லை என்று சொன்னால் பொய். அந்த நிமிஷம் அவர் எங்காவது கீழே விழுந்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் ஏஜெண்டின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது, அதைப் பார்த்துக்கொண்டே சீட்டை வாங்கினேன். மறைப்புக்குள் போனேன். வெளியே வந்து பெண்களிடம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஆகாது, வாங்க என்றேன்.

சிலர் வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள் உண்டு, சொல்லிவிட்டு அழுதவள் உண்டு. பாதிப் பேர் வண்டியேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் நாத்தனார் அந்தப் பாதியில்தான் போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஜெயித்தார். ஓட்டில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. மாலையைக் கழற்றாமலே உள்ளே வந்து, "என்ற பேரச் சொன்னியாமா?" என்று கேட்டார். சொன்னேனுங்க என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுசாக இல்லை. இனிமேல் தேவையில்லாமல் சொல்ல வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். ஊரெல்லாம் கூவினால் ஓட்டு, நான் சொன்னால் மட்டும் தேவையில்லாததா என்று நினைத்தேன். ஜெயித்த வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் பட்டணத்துக்கு ரயிலேறிப் போவார், சபை முடிந்தால் வருவார். நூல் விலையைப் பற்றிப் பேசினார், கைத்தறிக்காரன் நிலைமையைப் பற்றிப் பேசினார். பெண்கள் தலைநிமிர வேண்டும் என்றுகூட ஒருநாள் பேசியது பேப்பரில் வந்தது. அதை நானே நாத்தனாருக்கு வாசித்துக் காட்டினேன். கள்ளுக்கடைகளை முதலில் மூடியது எங்கள் ஜில்லாவில்தான். அன்றைக்கு எங்கள் தெருப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தை நான் மறக்கவில்லை. மேசையிலிருந்து திரும்பி வந்தவர்களும் எங்களால்தான் மூடினார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அப்புறம் ஜெர்மன்காரனோடு வெள்ளைக்காரனுக்குச் சண்டை வந்தது. எங்கள் ஆட்கள் பதவியை விட்டார்கள், ஒவ்வொருவராக ஜெயிலுக்குப் போனார்கள், இவரும் போனார். பார்க்கப் போனால் வாசலில் வார்டர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பான். அங்கே 'எங்கூட்டுக்காரரு' செல்லாது. ஒவ்வொரு தடவையும் பெயரைச் சொன்னேன். கேட்டவன் எழுதிக்கொண்டான், கதவு திறந்தது. எனக்கு அது பழகிவிட்டது.

அவர் விடுதலையாகி வந்தபோது பாதி ஆளாக வந்தார். வயிற்றுக்கடுப்பு, கூடவே விடாத இருமல். கஞ்சியைத் தவிர எதுவும் தங்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், அப்படியே சொன்னது. ஜெயில் சோற்றைக் குறை சொல்லவில்லை, ஜெயிலில் போட்டவனைக் குறை சொல்லவில்லை. சாவடியில் பெண்டாட்டி வாய்விட்டுச் சொன்னாளே, அதன் பலன் என்றது. என் நாத்தனார் அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். சொல்லிக்கொண்டே தம்பிக்குக் கஷாயமும் காய்ச்சினார். நானும் அவரும் பேச்சில்லாமல் ஒரே அடுப்பில் சமைத்து அந்த மனுஷரைத் தேற்றினோம். என்மேல் பழி போட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. பயந்து வாயை மூடியதாக நினைத்தார்கள். அவர் பிழைத்து எழுந்து நிற்பதுதான் பதில் என்று வைத்திருந்தேன்.

எழுந்து நின்றார். நாற்பத்தாறில் மறுபடி தேர்தல் வந்தது, மறுபடி நின்றார். இந்தத் தடவையும் எங்களுக்கு மஞ்சள். பெண்களுக்குப் பின்கட்டில் மறுபடி பாடம் வைத்தேன். டின்னுக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டு, அதில் நானே உட்கார்ந்து, முதலில் புருஷன் பெயரைக் கேட்டேன். பழக்கிவிட்டேன். தயங்கியவர்களிடம், அந்தப் பண்ணைக்காரரின் ஏஜெண்டு இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், அவருக்காகவாவது சொல்லுங்கள் என்றேன்.

ஓட்டு நாள் காலையில் வண்டி வாசலில் நின்றது. இவர் நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். சாவடி சாவடியாகச் சுற்ற உடம்பு இடம் தரவில்லை, பிற்பகலில் ஒரு தடவை முகம் காட்டினால் போதும் என்று வைத்திருந்தார்கள். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"இந்தத் தடவ நீ போக வேண்டாம். மத்தவங்க போகட்டும்."

ஏன் என்று கேட்டேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு, "அக்கா பயப்படுது" என்றார்.

ஊர் சொன்னது உறைக்கவில்லை. நாத்தனார் சொன்னது வலித்தது, ஆனால் அவர் அப்படித்தான் வளர்ந்தவர் என்று பொறுத்துக்கொண்டேன். சபையில் எழுந்து நின்று பெண்கள் தலைநிமிர வேண்டும் என்று பேசிய மனுஷர், தெருவில் இருக்கிற அத்தனை பெண்களும் புருஷன் பெயரைச் சொல்லி எனக்கு ஓட்டுப் போடட்டும், என் பெண்டாட்டி மட்டும் வீட்டில் இருக்கட்டும் என்கிறார். அவரவர் புருஷன் ஆயுசு போனால் பரவாயில்லை, இவருடையது மட்டும் இருக்க வேண்டும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்காவுக்குப் பயமா, உங்களுக்குப் பயமா? ஓட்டு வேணுமா, ஆயுசு வேணுமான்னு நேராச் சொல்லீருங்க. நான் போகத்தான் போறேன்."

சமையற்கட்டு வாசலில் நாத்தனார் நின்றிருந்தார், எல்லாவற்றையும் கேட்டிருந்தார். எனக்குத் துணைக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தம்பி எதிரில் வந்து நின்றார்.

"பயப்பட்டது நான்தான். ஒளிஞ்சுக்கறது நீ. என்ற பின்னால ஒளியாத, சாமி."

என்னைப் பார்த்து, இருடி, நானும் வாரேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார். போன தேர்தலுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

வண்டியில் நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைவீதி தாண்டிய பிறகு, என்னிடமா தன்னிடமா என்று தெரியாத மாதிரி சொன்னார்.

"ஒரு நாள் ஒரு பொழுது நான் அவரு பேரச் சொன்னதில்ல. கனாவுலகூடச் சொன்னதில்ல. நான் சொல்லாம இருந்துங்கூட அவரு போயிட்டாரு."

இந்த விஷயம் எனக்கு எப்போதோ தோன்றியிருந்தது. அவர் என்மேல் பழி சொன்ன ஒவ்வொரு நாளும் அது நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. சொல்லாமல் இருந்தேனே என்று அன்று சந்தோஷப்பட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

சாவடியில் அவரை எனக்கு முன்னால் விட்டேன். அதிகாரி வேறு ஆள், கேள்வி அதேதான். தன் பெயரைச் சொன்னார். புருஷன் பெயரைக் கேட்டதும் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒருபோதும் உச்சரிக்காத பெயர் அல்லவா, எங்கிருந்து தொடங்குவது என்று நாக்குக்குத் தெரியவில்லை. அதிகாரி மறுபடி கேட்கப் போனார். அதற்குள் சொல்லிவிட்டார். முதல் எழுத்து உடைந்து வந்தது, மற்றது தெளிவாக வந்தது. அதிகாரி குறித்துக்கொண்டு சீட்டை நீட்டினார். அவர் சீட்டை வாங்கவில்லை. யாரும் கேட்காமலே அந்தப் பெயரை இன்னொரு தடவை சொன்னார். சின்ன வயதில் செத்துப்போன ஒரு பையனின் பெயர், எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமல் மறந்தே போன பெயர், அந்தப் பள்ளிக்கூடத்து அறையில் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார். சீட்டைப் போட வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே இருந்தார்.

அடுத்து நான். என் பெயரைச் சொன்னேன், வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன், பழைய சத்தத்தில் ஒரு துளி குறைக்கவில்லை. மறைப்புக்குள் பெட்டிகள் வரிசையாக இருந்தன. போன தடவை யோசிக்காமல் போட்ட கை, இந்தத் தடவை கொஞ்சம் நின்றது. காலையில் அவர் சொன்னது காதில் இருந்தது. அவர் நூல் விலைக்காகப் பேசியதும், ஜெயிலுக்குப் போனதும்கூட ஞாபகத்தில் இருந்தன. அவர் பெண்டாட்டி என்பதற்காகப் போடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டு, யோசித்துப் போட்டேன்.

அவர் அந்தத் தேர்தலிலும் ஜெயித்தார். அதற்குப் பிறகு எங்களையெல்லாம் வறுத்தெடுத்துக்கொண்டு நெடுங்காலம் இருந்தார். என் வாயால் அவர் ஆயுசில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

அன்றைக்கு நாங்கள் வீடு திரும்பியபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கே வந்திருந்தார். பயந்த முகம் இன்னும் போகவில்லை. இரண்டு பேரும் சொன்னீர்களா என்று கேட்கவில்லை, அது எங்கள் முகத்திலேயே தெரிந்திருக்கும். கொஞ்சம் சிரித்துச் சமாளித்து, "மஞ்சப் பெட்டியிலதான போட்டீங்க?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் நாத்தனார் செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"பேரக் கேட்டாங்க, சொன்னோம். பெட்டிய யாரும் கேக்கக் கூடாதுன்னு உன்ற பொண்டாட்டிதான் சொல்லிக் குடுத்தா."

சொல்லிவிட்டுக் கஞ்சி காய்ச்ச உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.